கடைசித் தையல்

நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. நானே எதையும் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, பிரேக், கதவு, மோட்டார். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

என் மகளுக்கு ஈரலை ஒட்டி ஒரு கட்டி. இரண்டு ஆஸ்பத்திரிகளில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியில்தான் பெரிய டாக்டரைப் பார்த்தோம். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். ஒல்லியான மனிதர். எலும்போடு ஒட்டிய கன்னம். படங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். கடைசியில், "பண்ணலாம்" என்றார்.

என் மனைவி எழுந்து கும்பிட்டுவிட்டாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அறுக்கறது நீங்கதானா? இல்ல, தொடங்கி வச்சுட்டு வேற யார் கையிலயாவது குடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

மனைவி என் தொடையில் கிள்ளினாள். "ஏங்க... வாயை வச்சுட்டுச் சும்மா இருங்களேன்."

"கேக்கட்டும்மா. பெத்தவர் கேக்காம யார் கேப்பா?" டாக்டர் என் பக்கம் திரும்பினார். "திறக்கறதும் நான்தான், மூடறதும் நான்தான். கடைசித் தையல் வரைக்கும் என் கைதான், பெரியவரே."

"வாக்கா?"

"வாக்கு."

பிறகு என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். உடனே மேஜையில் கிடந்த ஒரு துண்டு நூலை எடுத்து இழுப்பறைக் கைப்பிடியில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். விரல்கள் போனதும் வந்ததும் தெரியவில்லை. "மூணு சுத்து போதும்னு சொல்லிக் குடுப்பாங்க. நான் நாலு போடுவேன். எனக்கும் உங்களை மாதிரிதான், எது மேலயும் நம்பிக்கை கிடையாது."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி திட்டித் தீர்த்தாள். "கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷன். ஒரு நன்றி சொல்ல வாய் வரலையே உங்களுக்கு?"

"வேலை முடியட்டும். முடிஞ்சப்புறம் சொல்றேன்" என்றேன். அது என் வேலைப் பழக்கம். புதுக் கயிறு மாட்டினவனை, லிஃப்ட் பத்து தடவை ஏறி இறங்கின பிறகுதான் முதுகில் தட்டுவேன். அதற்கு முன்னால் எவனையும் பாராட்டியது கிடையாது.

ஆபரேஷன் நாள் வந்தது. காலை 9.10க்கு மகளை மூன்றாம் மாடி தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நேரம் எல்லாம் சரியாகத்தான் சொல்கிறேன். என் கைக்கடிகாரத்தைத் தினமும் காலையில் ரேடியோவோடு ஒத்துப் பார்த்து வைப்பவன் நான். பதினொன்று ஆனது. ஒன்று ஆனது. இரண்டும் தாண்டியது. மனைவிக்கு நாக்கு வறண்டுபோய்ப் பேச்சு வரவில்லை. தண்ணீர் வாங்க நான் கீழே இறங்கினேன்.

ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு தரைத்தளத்தில் லிஃப்ட்டில் ஏறியபோது மணி 2.14. பழைய பெட்டி. எஃகுச் சுவர். உள்ளே நான் ஒருவன்தான். மூன்றை அழுத்தினேன்.

இரண்டாம் மாடியில் தானாக நின்றது. கதவு திறந்தது. ஒருவர் உள்ளே வந்தார்.

நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. லிஃப்ட்டில் ஓர் ஆள் ஏறினால் பெட்டி ஒரு காசு கனம் கீழே அமுங்கும். மற்றவர்களுக்கு அது தெரியாது. எனக்கு உள்ளங்காலில் தெரியும். நாற்பத்தோரு வருஷப் பழக்கம்.

பெட்டி அமுங்கவே இல்லை.

நிமிர்ந்தேன். பெரிய டாக்டர்.

பச்சை உடுப்பு, தலையில் பச்சைத் தொப்பி. இரண்டு கைகளையும் முழங்கையில் மடக்கி நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். கை கழுவிவிட்டு எதையும் தொடாமல் நிற்பார்களே, அப்படி. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் தலைக்கு ஏறியது. நான் அன்றைக்கே நினைத்தேன்! வேறு எவன் கையிலோ கத்தியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்!

"என் பொண்ணு அங்க படுத்திருக்கா. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல, பெரியவரே. எப்படியோ கீழ வந்துட்டேன்."

"அங்க யாரு இருக்கா இப்ப?"

அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர், உங்களைத்தான்! வயித்தைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

"மூணை அழுத்துங்க. நான் தொடக்கூடாது."

அழுத்தினேன். பெட்டி கிளம்பியது. ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கும். தடால் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. மேல்விளக்கு அணைந்து, மூலையில் இருந்த சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

மணி 2.17.

அபாய மணியை அழுத்தினேன். அடித்தது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். இந்த முறை அடிக்கவில்லை. மின்விசிறியும் நின்றுவிட்டது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அன்றைக்கு என்னால் முடியவில்லை. மேலே என் மகள் திறந்த வயிற்றோடு கிடக்கிறாள். அவளை மூட வேண்டிய மனிதர் இங்கே என் பக்கத்தில் நிற்கிறார். இரண்டு விரலை இடுக்கில் நுழைத்து உள்கதவை ஒரு சாண் விலக்கினேன். எதிரே வெறும் சுவர். செங்கல்லும் சிமெண்டும். கையை மேலே விட்டு, மூன்றாம் மாடிக் கதவின் பூட்டைத் திறக்கும் உருளையைத் தேடினேன். எட்டவில்லை. விரல்களில் கிரீஸ் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். பழைய, கறுத்த கிரீஸ்.

"யாராவது இருக்கீங்களா!"

என் சத்தம் கிணற்றுக்குள் விழுந்ததுபோலப் போய்விட்டு வந்தது.

2.25. வியர்வை கொட்டியது. எனக்குத்தான். அவர் முகத்தில் ஒரு பொட்டு இல்லை. முழங்கையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்... சொட்... தரையைப் பார்த்தேன்.

தரை காய்ந்து கிடந்தது.

எதிரே எஃகுச் சுவரில் என் உருவம் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில்... யாரும் தெரியவில்லை.

மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டேன். நாலடிக்கு நாலடிப் பெட்டி. எங்கே ஓடுவது?

2.31. அவர் கைகள் அசைய ஆரம்பித்தன. காற்றில். வலது கை ஊசியைப் பிடித்ததுபோல வளைந்து இறங்கியது. வளைந்து ஏறியது. இடது கை இழுத்தது.

"ஆறு தையல் பாக்கி" என்றார். என்னிடம் இல்லை. யாரிடமோ.

பிறகு என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் வந்த பிறகு அப்போதுதான் முதல் தடவை நேராகப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

"கை கழுவினீங்களா?"

"எ... என்ன?"

"கழுவுங்க."

எனக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மனைவிக்கு வாங்கிய தண்ணீரைக் கையில் ஊற்றிக் கழுவினேன். கிரீஸ் முழுதும் போகவில்லை.

"விரலை இங்க வைங்க. முடிச்சு நழுவாம பிடிக்கணும். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக்கூடாது."

அவர் காட்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டினேன்.

தொட்டது.

வெதுவெதுப்பாக... மெத்தென்று... ஏறி இறங்கியது. மூச்சு விடுகிற வயிறு.

சின்ன வயதில் அவளுக்கு வயிற்று வலி வந்தால் நான்தான் தடவிக் கொடுப்பேன். எனக்குத் தெரியாதா? என் மகளுடைய வயிறு.

விரல் மேல் ஒரு நூல் இறுகியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று... நான்கு.

"ஒண்ணு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. "டாக்டர்... நன்றி. உங்களுக்கு ரொம்ப..."

"இன்னும் முடியல. முடிஞ்சப்புறம் சொல்லுங்க."

என் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

2.37. "ரெண்டு."

2.41. "மூணு."

காற்று குறைந்துகொண்டே வந்தது. வாயால் மூச்சு வாங்கினேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன்.

இல்லை.

2.46. "நாலு."

விரல் மரத்துப்போனது. எடுக்கவில்லை.

2.50. "அஞ்சு."

மஞ்சள் விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

ஆறாவது... நூல் விரல் மேல் வந்தது. ஒரு சுற்று. இரண்டு...

தடால்!

பெட்டி குலுங்கியது. விளக்கு எல்லாம் பளீரென்று எரிந்தது. நான் அலறிக்கொண்டு கையை இழுத்துவிட்டேன்.

"எடுக்காதீங்க!"

அது அவர் குரல்தான். காதுக்குள்ளேயே கேட்டது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

மூன்றாம் மாடி. கதவு திறந்தது. 2.53. நான் வெளியே பாய்ந்தேன். ஓர் ஆள் இறங்கினால் பெட்டி ஒரு காசு கனம் மேலே ஏற வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ஏறவில்லை. என் கண் முன்னால் இன்னும் ஒரு காசு கனம் கீழே அமுங்கியது.

தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு ஆட்கள் ஓடினார்கள். மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? தண்ணி எங்க? உள்ள என்னமோ ஆயிடுச்சு, யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க!" மாப்பிள்ளை சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். போனது பெரிய டாக்டர்.

மூன்றாம் நாள் தலைமை நர்ஸ் என்னை மாடிப்படியில் தனியாகப் பார்த்தாள். முப்பது வருஷம் தியேட்டரில் அவருக்குக் கத்தியும் கத்திரியும் எடுத்துக் கொடுத்தவள். சொன்னால்தான் தூக்கம் வரும் போல இருந்தது அவளுக்கு.

"தையல் போடும்போது எங்களைக் கிண்டல் பண்ணிட்டே இருப்பார், ஐயா. அன்னைக்கு ரெண்டே காலுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. முதல்ல அப்படியே நின்னார், ஏதோ யோசிக்கிறார்னு நெனச்சோம். அப்புறம் கை மட்டும் வேலை செஞ்சுது. கத்திரி குடுக்கும்போது மணிக்கட்டு பட்டுச்சு. ஐஸ் மாதிரி... கடைசித் தையல் பாதியில இருக்கும்போது அப்படியே சாஞ்சுட்டார்."

"எத்தனை மணிக்கு?"

"2.53ன்னு எழுதியிருக்கு. ஆனா வந்து பார்த்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? இது இப்ப போன உயிர் இல்ல, அரைமணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னார். உடனே, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொன்னார்."

நானும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. "நன்றி கெட்ட ஜென்மம்" என்றாள் என் மனைவி. வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் ஒரு முடிச்சை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். "என்ன இது, மெஷின் எண்ணெய் வாசனை?"

மேல் தையல்கள் எல்லாம் சுத்தம். கடைசிக்கு முன்னால் இருந்த ஐந்து முடிச்சுகளில் மட்டும் கறுப்பாக, பொட்டு பொட்டாக...

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஆறாவதை, அவர் சாய்ந்த பிறகு, அவருக்குத் துணையாக நின்ற சின்ன டாக்டர் போட்டிருந்தார். அவர் மேல் குற்றம் இல்லை. நல்ல பிள்ளை, நல்ல கை. ஆனால் அந்த ஓர் இடம் மட்டும் மூடவில்லை. பிரிந்தது. மறுபடி தைத்தார்கள். பிரிந்தது. மூன்றாவது தடவையும் பிரிந்தது. சீழ் வைத்தது. காய்ச்சல் ஏறியது. இருபத்து மூன்றாம் நாள் காலை சின்ன டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார்.

"உள்ள பரவுது. சாயங்காலம் மறுபடி முழுசாத் திறந்துதான் ஆகணும். அவங்க உடம்பு தாங்குமான்னு... உறுதி சொல்ல முடியல."

மதியம் மகள் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. "அப்பா, அவர் இருந்திருந்தா முடிச்சிருப்பார் இல்ல?"

நான் வெளியே வந்தேன். அந்த லிஃப்ட் முன்னால் ஒரு பலகை நின்றது. மெக்கானிக் குந்தியிருந்தார். நடுத்தர வயசு ஆள். என் கூட வேலை பார்த்தவரின் தம்பி.

"வாங்கண்ணே, நீங்களே பாருங்க. மூணு வாரமா எந்த மாடில நின்னாலும் ஒரு காசு கனம் கீழயே நிக்குது. வர்றவன் போறவன் எல்லாம் கால் இடிச்சுக்கறான். கயிறு மாத்தியாச்சு, பிரேக் மாத்தியாச்சு. காலிப் பெட்டிண்ணே! உள்ள ஆள் நிக்கிற மாதிரியே காட்டுது."

"நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கறேன். நீ மோட்டார் ரூம்ல இரு. நின்னுட்டா கை வைக்காதே. நானா கூப்பிடற வரைக்கும் கை வைக்காதே."

"எதுக்குண்ணே?"

"சொன்னதைச் செய்."

குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். நகக்கண்ணைத் தீக்குச்சியால் சுரண்டினேன். மறுபடி கழுவினேன். துடைக்கவில்லை. கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். முழங்கையால் மூன்றை அழுத்தினேன்.

மணி 2.14.

கதவு மூடும்போது வெளியே குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கதவு மூடியது.

ஒன்று... இரண்டு...

தடால்.

மஞ்சள் விளக்கு.

சொட்... சொட்...

பின்னால்.

நான் திரும்பவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டினேன்.

"கை கழுவினீங்களா?"

"கழுவிட்டேன், டாக்டர்."

வெதுவெதுப்பு. இல்லை, சூடு. காய்ச்சல் சூடு. நூல் விரல் மேல் வந்தது. ஒன்று. இரண்டு.

தோளுக்கு மேல் ஒரு குளிர்.

மூன்று...

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை அசையும். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. எடுக்கவில்லை. நானாக எடுக்க மாட்டேன்.

நான்கு.

"ஆறு" என்றார். "எடுங்க, பெரியவரே. முடிஞ்சது. இப்ப சொல்லுங்க."

வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. பிரித்தேன்.

"நன்றி, டாக்டர்."

பெட்டி ஒரு காசு கனம் மேலே ஏறியது.

சொட்டுவது நின்றது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு வெளியே வந்தேன். வார்டில் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் பிரித்த நர்ஸ் கையில் துணியோடு சின்ன டாக்டரைப் பார்த்தாள்.

"இது நீங்க போட்டதா?"

"நான் இன்னைக்குத் தொடவே இல்லையே."

குனிந்து பார்த்தார். புது நூல். ஈரம் காயவில்லை. ஒரே ஒரு தையல். முடிச்சில் எத்தனை சுற்று என்று எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் எண்ணவில்லை. எனக்குத் தெரியும்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். என் ஆள்காட்டி விரல் நுனிதான் இன்றுவரை சூடாகவே இல்லை. வெந்நீரில் வைத்தாலும் அப்படியேதான்.

அன்று சாயங்காலம் வாசலில் மெக்கானிக் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். "அண்ணே, சரியாயிடுச்சு! எல்லா மாடிலயும் தரைக்குச் சமமா நிக்குது. உள்ள என்னதான் பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. உள்ள இருந்தவர் இறங்கிட்டார்."

சிரித்தார். வயசான ஆள் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "எந்த மாடிலண்ணே?"

அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பெட்டி அந்த ஒரு காசு கனம் மேலே ஏறியபோது உள்கதவு ஒரு சாண் திறந்துதான் இருந்தது. அது எப்போது திறந்தது என்று எனக்குத் தெரியாது. எதிரே வெறும் சுவர்தான். செங்கல்லும் சிமெண்டும். அந்தச் சிமெண்டில், என் நெஞ்சு உயரத்தில், இரண்டு ஈரக் கைகள் பதிந்திருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை காய்ந்தன.